மூன்றாம் மாடிக்காரர்: நிறைகளும் ஒரு குறையும்

இடைவேளை வரைக்கும் படம் நன்றாகவே இருக்கிறது, ஐயா. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னீர்கள். நேரம் கிடைத்தால் பாருங்கள். நாளிதழில் விமர்சனம் எழுதுகிறவர் ஐந்துக்கு இரண்டரை கொடுத்தார். நானாக இருந்தால் மூன்றேகால் கொடுப்பேன். நான் வேலை செய்த படம் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் வேலை செய்த படங்களையே தேறாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான். சில டைரக்டர்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவார்கள்.

அந்த ஒரு சத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்கிறீர்கள். அப்படித் தனியாகப் பிய்த்துச் சொல்ல முடியாது. படம் தெரிந்தால்தான் சத்தம் புரியும். டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

கதை எளிது. ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாம் மாடிக்கு ஒருவர் குடிவருகிறார். பகலில் வெளியே தலை காட்டுவதில்லை. மற்றபடி தங்கமான மனிதர். எல்லோரையும் விசாரிக்கிறார், குப்பையைச் சரியான தொட்டியில் போடுகிறார். ஆள் இரத்தக் காட்டேரி. கீழ்வீட்டில் இருக்கும் நர்ஸ் பெண்ணுக்கு மட்டும் மெல்லச் சந்தேகம் தட்டுகிறது.

படத்தின் முதல் நிறை, காட்டேரியை மரியாதைக்காரராகக் காட்டியது. ஓர் இடத்தில், படியேற முடியாமல் மூச்சு வாங்கும் ஓர் அம்மாளின் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறார். அந்த அம்மாளின் கழுத்தை ஒரு பார்வை பார்க்கிறார். பிறகு “வெங்காயம் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். தியேட்டரில் அந்த இடத்தில் சிரிப்பும் வரும், முதுகுத்தண்டில் ஏதோ ஊர்கிற மாதிரியும் இருக்கும். இரண்டாவது நிறை, இடைவேளை வரை பல்லையே காட்டவில்லை. இந்தக் காலத்தில் அதற்குப் பெரிய மனசு வேண்டும்.

மூன்றாவது நிறை, நான். தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறான் என்று நினைக்காதீர்கள், விமர்சனத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. படங்களில் கேட்கும் சின்னச் சின்ன சத்தங்களைச் செய்து கொடுப்பதுதான் என் வேலை. நடிகர் நடந்தால் அது என் கால். கதவு கிரீச்சிட்டால் அது என் மனைவியின் பழைய பீரோ. அந்தக் காட்டேரி படியிறங்கி வரும்போது ஒரு முனகல் கேட்கும் பாருங்கள், மரப்படி வலியில் முனகுகிற மாதிரி. அது ஒரு பிரம்பு நாற்காலி. நான் உட்கார்ந்து எழுந்தேன், அவ்வளவுதான். கழுத்தைக் கடிக்கிற சத்தம், ஈரத்துணி சுற்றிய வெள்ளரிக்காய். இரத்தம் உறிஞ்சுவது, பழச்சாற்றின் அடியில் மிச்சமிருப்பதை ஸ்ட்ரா போட்டு இழுத்தது.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. நிஜம் மைக்கில் எடுபடாது. நிஜ மழையைப் பதிவு செய்து போட்டால் யாரோ வாணலியில் வறுக்கிற மாதிரி இருக்கும். வாணலியில் வறுத்தால் தியேட்டரில் ஜனங்கள் குடையைத் தேடுவார்கள். நிஜமான அறை விழுந்தால் கைதட்டல் மாதிரி கேட்கும். தோல் பையைத் தோல் பையால் அடித்தால்தான் பார்க்கிறவனுக்குக் கன்னம் எரியும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. நான் வைத்துக்கொள்ளாமல் போனதுதான் தவறு.

இனி குறைகள். இடைவேளைக்குப் பிறகு ஒரு பேராசிரியர் வருகிறார். காட்டேரி என்றால் என்ன, எதற்குப் பயப்படும், எங்கே தூங்கும் என்று கரும்பலகையில் எழுதியே காட்டுகிறார். அந்த நேரம் பார்த்துப் பாதி தியேட்டர் கழிப்பறைக்குப் போய்விட்டது. வௌவால் ரப்பர், கட்டியிருந்த நூல் பளிச்சென்று தெரிந்தது. “தூரத்துல இருந்து பார்த்தா தெரியாதுங்க” என்று டைரக்டர் எல்லோருக்கும் தைரியம் சொன்னார். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், தெரிந்தது. காட்டேரியாக நடித்தவருக்குப் பல் செட்டை மாட்டியதும் வாயில் காற்று ஒழுகும். நர்ஸ் பெண்ணை மிரட்டுகிற காட்சியில் குழந்தை மழலை பேசுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் பயந்து நடுங்குவதாக நினைத்துக் குளோசப் வைத்திருக்கிறார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

பல்லும் சரியில்லை, வௌவாலும் சரியில்லை என்று ஆனதும் டைரக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். உச்சக்கட்டத்தில் காட்டேரி கட்டடச் சொந்தக்காரரைக் கொல்லும் காட்சியை முழுக்க இருட்டில் வைத்துவிடுவது. திரையில் ஒன்றுமே இருக்காது. கழுத்தில் பல் இறங்கும் சத்தம், பிறகு ஒரு மனிதனின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகும் சத்தம். அவ்வளவுதான் காட்சி. என் தோளில் கை போட்டு, “நான் வெறும் இருட்டத்தான் தர்றேன். மிச்சமெல்லாம் உங்க கைல” என்றார். அந்தக் காட்சி நின்றால் படம் நிற்கும், இல்லையென்றால் தியேட்டர் காற்று வாங்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கை கணவர். எங்கள் மாமனார் கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தை அவர் காலத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தினோம். கண்ணாடிக்கு உள்ளே நான் சத்தம் செய்வேன், வெளியே மேசையில் உட்கார்ந்து அவர் அதைப் பதிவு செய்து படத்தோடு சேர்ப்பார். என்னைவிட வயதில் சின்னவர், வேலையில் கெட்டிக்காரர். சிரித்த முகம். சினிமா வட்டாரத்தில் அவருக்குத் ‘திருத்தம்’ என்று பெயர். காரணம், எதைப் பார்த்தாலும் முதலில் ‘ம்ச்’ என்று நாக்கைத் தட்டுவார், பிறகு “ஒரே ஒரு சின்னத் திருத்தம்” என்பார்.

என் மகளுக்கு நாங்கள் வைத்த பெயரில் ஓர் எழுத்தைக் குறைக்கச் சொன்னார், குறைத்தோம். மாமனார் இறந்த அன்று, அழுதுகொண்டிருந்த என் மனைவியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து அழச் சொன்னார். அங்கேதான் காற்று வரும் என்றார். அவள் நகர்ந்தாள். காற்று வந்தது. அவர் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அவரிடம் இருந்த சங்கடமே அது ஒன்றுதான்.

எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும் தம்பியை இதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் கடைசி மூச்சுக்காக நான் படாத பாடு பட்டேன். முதலில் சொந்தக்காரராக நடித்தவரையே வரவழைத்து மூச்சுவிடச் சொன்னோம். நல்ல சாப்பாட்டுக்காரர். செத்தாலும் திருப்தியாகவே கேட்டது. பிறகு வெந்நீர்ப் பையை அமுக்கிப் பார்த்தேன். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை எண்ணெய் போட்டும் போடாமலும் இழுத்துப் பார்த்தேன். பழைய ஆர்மோனியத்தின் துருத்தியைக் கழற்றி, அதன் வாயில் ஈர ரப்பர் கட்டி ஊதினேன். இதெல்லாம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது, ஐயா. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் துருத்தியிலேயே பிடித்திருப்பேன்.

சகலை கேட்டார். ‘ம்ச்’ என்றார். டைரக்டரும் அவருடைய ஆட்களும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அண்ணே, ஒரே ஒரு சின்னத் திருத்தம். சாகிற மாதிரி இல்ல. மத்தியானம் தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கிற மாதிரி இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதானே. டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “இந்த வாரத்துக்குள்ள வரலேன்னா வேற ஆள்கிட்டதான் போகணும், தப்பா நினைக்காதீங்க” என்றார். அதிலும் தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் என் கையில் கொடுத்த சத்தம் எதுவும் இன்னொருவன் கைக்குப் போனதில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை வௌவால் கூட்டம் பறக்கும் காட்சிக்கு வேலை செய்தோம். அதற்கு நான் ஓர் இறகுத் தலையணையை உதறுவது வழக்கம். சகலை வெளியே இருந்து கேட்டுவிட்டு, மணிக்கட்டைத் திருப்புகிற விதம் சரியில்லை, தானே காட்டுகிறேன் என்று எழுந்து வந்தார். எங்கள் கூடத்தில் மாமனார் போட்ட சட்டம் ஒன்று உண்டு. அறைக்குள் போகிறவர் யாராக இருந்தாலும் பைகளில் இருக்கிற அத்தனையையும் வெளியே இருக்கும் தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சாவி, சில்லறை, போன், எல்லாம். இல்லையென்றால் அசையும்போது கலகலவென்று பதிவாகிவிடும். சகலைக்குச் சிறுவயது முதல் இளைப்பு நோய். இன்ஹேலர் இல்லாமல் வாசலுக்குக்கூடப் போகமாட்டார். அதுவும் அசைந்தால் உள்ளே டக்டக்கென்று ஆடும். ஆகவே அதையும் தட்டில் வைத்துவிட்டு வந்தார்.

தலையணையை இரண்டு உதறு உதறினார். அதிலிருந்து கிளம்பிய தூசியில் அவருக்கு மூச்சு பிடித்துக்கொண்டது. சுவரில் சாய்ந்தார், கண் பிதுங்கியது. நான் ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்துவந்து கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அப்போது நான் எதையும் யோசிக்கவில்லை, சத்தியமாக. ஓடினேன், கொடுத்தேன். அவர் முகத்தில் இரத்தம் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வெந்நீர்ப் பையிலும் துருத்தியிலும் நான் தேடிக்கொண்டிருந்த சத்தம் ஒரு கை தூரத்தில் கேட்டிருக்கிறது. மேசையில் யாரும் இல்லாததால் எதுவும் பதிவாகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். என் கொழுந்தியாள், அதாவது சகலையின் மனைவி, பரிமாறிக்கொண்டே கண் கலங்கினாள். “மாமா, நீங்க மட்டும் அங்க இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே முடியல” என்றாள். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை அது. சாப்பாடும் அருமை.

சகலை தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். ‘ம்ச்’ என்றார்.

“அண்ணே ஓடி வந்தது சரிதான். ஒரே ஒரு சின்னத் திருத்தம். இன்ஹேலரை ஒரு குலுக்கு குலுக்கிட்டுக் கொடுத்திருக்கணும். அப்பத்தான் மருந்து ஒழுங்கா இறங்கும்.”

அவர் சொன்னது சரி. மருந்துப் பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். நான் தலையாட்டினேன், இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். காலையிலேயே நான் தலையணையை வெயிலில் போடாமல் பீரோவுக்கு அடியில் இருந்த தூசியில் உருட்டி எடுத்திருந்தேன். அறைக்குள் வைத்து நன்றாகத் தட்டியும் விட்டேன். அறைக்கதவு கனமானது, பஞ்சும் ரப்பரும் வைத்து அடைத்தது. அதன் உள்பக்கக் கைப்பிடி அன்றைக்குக் கழன்றிருந்தது. தானாகக் கழன்றதா என்று கேட்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் என் மேசையில்தான் இருந்தது.

“வௌவால் இன்னும் சரியா வரல. நீங்களே ஒரு தடவை உதறிக் காட்டுங்களேன். நான் வெளியே இருந்து பதிவு பண்றேன்” என்றேன். முகமெல்லாம் பல்லாக எழுந்தார். திருத்தம் சொல்லச் சொல்லி நான் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சாவி, போன், இன்ஹேலர் எல்லாவற்றையும் அவர் கையாலேயே தட்டில் வைத்தார். போன தடவை மூச்சு பிடித்ததே என்று நினைவு வந்திருக்க வேண்டும், வாசலில் ஒரு நொடி நின்று தட்டைத் திரும்பிப் பார்த்தார். “கதவுக்குப் பக்கத்துலயே நான் இருக்கேன்ல” என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

பதிவு சுத்தமாக வந்தது. வலப்பக்க மைக்கில் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, குறைத்தேன். தொடக்கத்தில் இருமல், அது படத்துக்கு உதவாது. அதற்குப் பிறகுதான் நான் தேடியது வந்தது. அவர் கதவுக்கு வந்து கைப்பிடியைத் தேடினார். பிறகு கண்ணாடிக்கு வந்து தட்டினார். தட்டுகிற சத்தம் மூச்சின்மேல் விழுந்து கெடுத்துவிடும். விரலை ஆட்டி வேண்டாம் என்றேன். கையை எடுத்துக்கொண்டார், ஐயா. தொழில் பழக்கம். உள்ளே இருக்கிறவர் மேசையில் இருப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் ஊறிப்போனது. பிறகு தட்டைக் காட்டினார். நானும் தட்டைப் பார்த்தேன். அது இருந்த இடத்தில் இருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு கதவைத் திறந்து உள்ளே போனேன். இன்ஹேலரை ஒரு குலுக்கு குலுக்கி வாயில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். போய்விட்டிருந்தார்.

டாக்டருக்குச் சந்தேகமே வரவில்லை. பழைய நோயாளி, தூசி, பக்கத்தில் மருந்து இல்லை. ஆட்கள் வந்து அழுதுகொண்டிருந்தபோது கைப்பிடியைத் திரும்ப மாட்டிவிட்டேன். என் கொழுந்தியாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “போன தடவை காப்பாத்துனீங்களே மாமா” என்று கதறினாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. நல்ல மனிதர், வீட்டுக்கு வேண்டியவர், இரண்டு வீட்டுக்கும் ஓடி ஓடிச் செய்தவர்.

டைரக்டருக்குப் போட்டுக் காட்டினேன். எதில் செய்தீர்கள் என்று கேட்டார். தொழில் ரகசியம் என்றேன். “கொஞ்சம் செயற்கையா இருக்கோ” என்று இழுத்தார். பிறகு, சகலை போன துக்கத்தில் இருப்பவனை நோகடிக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார், சரி என்று சேர்த்துவிட்டார். அவர் இழுத்த அந்த இடத்திலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

படம் வந்தது. தொடங்கும் முன்பே திரை முழுக்கச் சகலையின் படம், அவருக்கு அஞ்சலி. வாசிக்க நிறைய நேரம் கொடுத்திருந்தார்கள். என் பெயர் கடைசியில் வரும், விளக்கைப் போட்டு ஜனங்கள் காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது. அதிலும் எனக்கு வருத்தம் இல்லை.

குடும்பத்தோடு முதல் நாள் பகல் காட்சிக்குப் போயிருந்தோம். பிரம்பு நாற்காலியின் முனகல் வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளரிக்காய்க்கு ஒருவர் கழுத்தையே பொத்திக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு அந்த இருட்டு வந்தது, அந்த மூச்சும் வந்தது. பின்வரிசையில் ஒரு குரல், “யாருப்பா இந்த நேரத்துல சைக்கிளுக்குக் காத்தடிக்கிறது” என்றது. தியேட்டர் மொத்தமும் சிரித்தது.

இரண்டு நாள் கழித்து விமர்சனம். படியின் முனகல் முதல் கழுத்துக் கடி வரை சத்தங்கள் மிரட்டுகின்றன என்று எழுதியிருந்தார். ஆனால் உச்சக்கட்டத்தில் வரும் சாவின் மூச்சு மட்டும் சுத்தப் போலி, படத்தின் பெரிய குறை அதுதான் என்று முடித்திருந்தார். நான் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. அவர் சொன்னது உண்மை. பொய்யாகச் செய்த அத்தனையும் நின்றது, நிஜமாக எடுத்த ஒன்று காலை வாரிவிட்டது. நேற்று தொழிலுக்கு வந்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயத்தில் நான் சறுக்கிவிட்டேன். பாடுபட்டுத் துருத்தியிலேயே நின்றிருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தியேட்டரில் ஒருத்தி சிரிக்கவில்லை. என் கொழுந்தியாள் அந்த இருட்டில் எழுந்து நின்றாள். திரையில் வெளிச்சம் வந்தபோது அவள் இருக்கை காலியாக இருந்தது. பின்னாலேயே போனேன். வராந்தாவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, அது அவர்.”

“எதும்மா?”

“இருட்டுல கேட்டுச்சே. அது அவர் மூச்சு. பக்கத்துல படுத்து நான் கேட்ட மூச்சு எனக்குத் தெரியாதா?”

“படம்மா அது. பம்புல பண்ணது.”

“பம்பு ‘ம்ச்’னு சொல்லுமா?”

அது இருந்தது, ஐயா. மூச்சுக்கு நடுவில், மிக மெல்லியதாக. நான் கவனிக்காமல் இல்லை. வெட்டி எடுக்கவும் எனக்குத் தெரியும். இயல்பாக இருக்கிறதே என்று விட்டுவைத்தேன். இத்தனை வருடம் சத்தத்தோடு புழங்கியதில் ஒன்றை மறந்துபோனேன். எனக்கு அது ஒரு சத்தம். அவளுக்கு அது ஓர் ஆள். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த வராந்தாவில் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. டைரக்டர், விமர்சகர், சிரித்த ஜனங்கள், எல்லோரையும் தாண்டி அந்தச் சத்தத்தைச் சரியாகக் கேட்ட ஒரே காது அவளுடையது.

அவள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். நீங்கள் என்னைக் கூப்பிட்டுவிட்டு, படத்தில் வரும் அந்தத் துண்டை இரண்டு தடவை போட்டுக் கேட்டீர்கள். உங்களுக்கும் பம்பாகத்தான் கேட்டது. உங்கள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். துக்கத்தில் இருப்பவள் முன்னால் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டீர்கள். பிறகு அவளிடம், “வேதனையில இருக்கீங்கம்மா, காதுல எல்லாம் அவரா கேட்கும். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க” என்றீர்கள். என்னையும் போகச் சொல்லிவிட்டீர்கள். எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவள் காதைக் குறை சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் வாசல் வரை போனவன் திரும்பி வந்து முழுப் பதிவையும் உங்கள் மேசையில் வைத்தேன். அவள் கேட்டது சரி, நீங்கள் கேட்டதுதான் தவறு. அது என் சகலைதான். நான்தான் உள்ளே அனுப்பினேன், நான்தான் கைப்பிடியைக் கழற்றினேன், நான்தான் திறக்கவில்லை.

அவள் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாள். பக்கத்தில் என் மனைவி, இந்தப் பக்கமே திரும்பாமல். கொழுந்தியாள் என்னைத் திட்டவில்லை, சாபம் விடவில்லை. நான் ஒப்புக்கொண்டதை எல்லாம் கேட்டபிறகு, வாக்குமூலம் கொடுக்க நான் உள்ளே வரும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “உங்களுக்கு வேண்டியது கிடைச்சதும் திறந்திருக்கலாமே, மாமா. திறந்திருந்தா பொழைச்சிருப்பாரே. ஏன் திறக்கல?” அதற்குப் பதில் தெரியாமல் அவளால் இனி ஒரு ராத்திரியும் தூங்க முடியாது என்றாள். நீங்களும் இப்போது அதையேதான் கேட்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. படத்தில் அந்த மூச்சு வருவது கொஞ்ச நேரம்தான். அதற்கு வேண்டியது பதிவின் ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டது. அப்போதே திறந்திருந்தால் மாலை டீக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். பிறகு ஓடிய பதிவில் ஒரு துண்டுகூடப் படத்தில் இல்லை. படத்துக்காகச் செய்தேன் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இந்த இடத்தில் மட்டும் அது ஒத்து வரவில்லை என்பது எனக்கும் தெரிகிறது.

அவளிடம் இப்படிச் சொல்லுங்கள். நான் மேசையில் உட்கார்ந்து என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் செய்வதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. திறந்திருந்தால் பேச ஆரம்பித்திருப்பார்.